வங்கக் கடலில் மூழ்கிய எரிமலைத் தொடர்

திருவொற்றியூர்க் கடற்கரையில் கொட்டிக் கிடக்கும் பெரும் பாறைகளில் ஒன்றின் மேல் ஏறி நின்று கிழக்கே பாருங்கள். கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர்தான். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள், காசிமேட்டிலிருந்து போன விசைப்படகுகள், அவற்றுக்கு அப்பால் வானும் கடலும் கூடும் கோடு. மலை என்று சொல்ல ஒன்றுமில்லை. முதுகுப் பக்கம் திரும்பினாலும் இதே கதைதான். ராயபுரம் முதல் எண்ணூர் வரை நிலம் தட்டையாகக் கிடக்கிறது. இங்கே வளரும் பிள்ளையிடம் ஓவிய வகுப்பில் மலை வரையச் சொன்னால், மூன்று முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைத்துவிடும். நேரில் பார்த்த மலை என்று அதற்குப் பரங்கிமலைதான் இருக்கும்.

ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தத் திசையில், அந்தக் கடலுக்கு அடியில், இமயமலையைப் போல் இரண்டு மடங்கு நீளமுள்ள ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. முழுக்க முழுக்க எரிமலைக் குழம்பால் எழுந்த மலை அது. ஒரு காலத்தில் அதன் சிகரங்கள் கடலுக்கு மேல் தீவுகளாக நின்றன. அந்தத் தீவுகளில் மரங்கள் இருந்தன. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் உங்கள் காலடியில் இருக்கும் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணல் வழியில் தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்தன. அந்த அரிப்பைத் தடுக்க உள்நாட்டுக் குவாரிகளிலிருந்து லாரிகளில் வந்தவை இந்தப் பாறைகள். கறுத்த கல்லைப் பார்த்ததும் எரிமலைக் கல் என்று நினைத்துவிடாதீர்கள். சென்னைக்குத் தெற்கே பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லால் ஆனது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். அது பூமியின் வயிற்றில், பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவான கல். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். நம் கடலடி மலையோ அதன் முன் நேற்றுப் பிறந்த குழந்தை. மிகப் பழைய பகுதிக்கே சுமார் 8 கோடி வயதுதான் ஆகிறது.

இரண்டு தொடர்கள்

சென்னைத் துறைமுகத்திலிருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல் போகிறது. நீங்கள் அதில் ஏறியிருப்பதாக வைத்துக்கொள்வோம். புறப்பட்டுச் சுமார் 500 கிலோமீட்டர் போனதும் 85 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைக் கடப்பீர்கள். கப்பலுக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். தண்ணீருக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கில் சேறு. சேற்றுக்குக் கீழே ஒரு புதைந்த மலைத்தொடர். இது மகாநதிக் கரைக்கு எதிரே தொடங்கித் தெற்கே வந்து, இலங்கைக்குக் கிழக்கே வளைந்து, பூமத்தியரேகைக்கு அப்பால் முடிகிறது. இது எப்படித் தோன்றியது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை.

இன்னும் ஒரு நாள் பயணம். சென்னையிலிருந்து சுமார் 1,050 கிலோமீட்டர் தூரத்தில் 90 டிகிரி தீர்க்கரேகை வருகிறது. இங்கேதான் நம் கதாநாயகன் இருக்கிறான். தீர்க்கரேகையை ஒட்டியே ஏறத்தாழ நேர்கோடாகப் போவதால் இதற்கு 'தொண்ணூறு டிகிரி கிழக்குத் தொடர்' என்றே பெயர். வங்கக் கடலின் வடக்கில் சுமார் 17 டிகிரி அட்சரேகையில் தொடங்கி, பூமத்தியரேகையைத் தாண்டி, ஆஸ்திரேலியாவுக்கு மேற்கே 30 டிகிரி தெற்குக்கும் அப்பால் முடிகிறது. நீளம் சுமார் 5,000 கிலோமீட்டர். இமயமலையின் நீளம் 2,400 கிலோமீட்டர்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உயரத்தில் இமயத்தோடு போட்டி போட முடியாது. சுற்றியுள்ள கடல் தரையிலிருந்து 2 முதல் 3 கிலோமீட்டர் வரை எழும்புகிறது.

அந்தமான் பக்கம் வந்துவிட்டதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே பாரன் தீவு இருக்கிறது. 1991இல் மீண்டும் விழித்துக்கொண்ட எரிமலை அது. 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளின் சந்ததி, சாம்பலுக்கு நடுவே அங்கே பிழைத்து வந்திருக்கிறது. ஆனால் பாரன் தீவு நம் தொடரின் உறவு அல்ல. ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் நுழையும்போது பிறக்கும் எரிமலை அது. நம் தொடர் பிறந்த விதமே வேறு.

தையல் எந்திரமும் துணியும்

தையல்காரர் எந்திரத்தில் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊசி ஒரே இடத்தில் ஏறி இறங்குகிறது. துணிதான் நகர்கிறது. துணியில் நேர்கோடாகத் தையல் விழுகிறது. முதலில் விழுந்த தையல் ஊசியிலிருந்து வெகுதூரம் போய்விடுகிறது. கடைசித் தையல் ஊசிக்கு அருகில் இருக்கிறது.

பூமிக்குள் சில இடங்களில் ஆழத்திலிருந்து சூடான பாறைப் பொருள் தூண்போல் மேலேறி வருகிறது. இதை வெப்பப் புள்ளி என்கிறார்கள். அது ஏறத்தாழ ஓரிடத்திலேயே நிற்க, மேலே புவித்தட்டு நகர்கிறது. சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவைச் சுமந்த தட்டு வடக்கே ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரையும் தாண்டியது. உங்கள் விரல் நகம் ஆண்டுக்கு 3 அல்லது 4 சென்டிமீட்டர் வளர்கிறது. அதைப்போல் நான்கு மடங்கு. தட்டுகளின் உலகில் இது ஓட்டப் பந்தயம்தான். அப்படி ஓடிய தட்டின் மேல் தென்கடலில் இருந்த ஒரு வெப்பப் புள்ளி போட்ட தையல்தான் தொண்ணூறு டிகிரித் தொடர். அதனால்தான் அது தெற்கு வடக்காக இவ்வளவு நேராக இருக்கிறது. வடபகுதிப் பாறைகளின் வயது சுமார் 8 கோடி ஆண்டு. தெற்கு முனையின் வயது சுமார் 4 கோடியே 30 லட்சம் ஆண்டு. பிறகு கடல் தரையில் ஏற்பட்ட ஒரு பிளவு தட்டையும் ஊசியையும் பிரித்துவிட்டது. நூல் அறுந்தது.

ஊசி இன்னும் நிற்கவில்லை. தென் இந்தியப் பெருங்கடலில் கெர்குலென் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. பிரெஞ்சு மாலுமி கெர்குலென் 1772இல் கண்டது. அதற்குத் தென்கிழக்கே ஹேர்டு தீவில் 2,745 மீட்டர் உயரமுள்ள எரிமலை இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் தொடரின் பிறப்பிடம் இந்த வட்டாரம்தான். அங்கே இப்போது ராஜ பென்குவின்களும் யானை சீல்களும் வாழ்கின்றன. 1874 ஜனவரியில் பிரிட்டிஷ் ஆராய்ச்சிக் கப்பல் 'சேலஞ்சர்' கெர்குலெனுக்குப் போனபோது, அதில் இருந்த உயிரியல் அறிஞர் மோஸ்லி இறக்கையால் பறக்க முடியாத பூச்சிகளைச் சேகரித்தார். ஓயாத புயற்காற்று அடிக்கும் தீவில் பறக்கும் பூச்சியைக் காற்று கடலில் தள்ளிவிடும். நடக்கும் பூச்சி பிழைக்கும். தனித்த தீவு தன் உயிர்களை எப்படி மாற்றிவிடுகிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

கயிறு, எதிரொலி, வரைபடம்

கடலுக்கு அடியில் மலை இருப்பதை எப்படி அறிவது? நம் மீனவர்கள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, ஆழத்தைப் பாகக் கணக்கில் அளப்பார்கள். பாறைத் தரையைப் 'பார்' என்பார்கள். அங்கே எந்த மீன் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் கப்பல்களும் இதே முறையைத்தான் கையாண்டன. கயிறு மட்டும் நீளமானது. 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரே ஒரு முறை அளந்து முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். ஒரு பெரிய மைதானத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து இடத்தில் குச்சியை ஊன்றிவிட்டு, மைதானத்தின் படத்தை வரைவது போன்ற காரியம் இது.

1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அந்தக் கம்பி நம் தொடருக்குக் குறுக்கேதான் போயிற்று. மலையின் மேல் கம்பி போட்டவர்கள், அது 5,000 கிலோமீட்டர் நீளமுள்ள மலை என்பதை அறியாமலே போட்டார்கள். அடுத்து 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற இந்திய அளவைக் கப்பல் வங்கக் கடலின் ஆழத்தில் வலை இழுத்து, அதுவரை யாரும் காணாத மீன்களையும் நண்டுகளையும் மேலே கொண்டுவந்தது. அக்கப்பலில் பணிபுரிந்த ஆல்காக் 1902இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். உயிர்கள் தெரிந்தன, மலை தெரியவில்லை.

எதிரொலி வந்த பிறகுதான் கண்கட்டு அவிழ்ந்தது. ஒலி கடல்நீரில் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் போகிறது. கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி 4 வினாடியில் திரும்பினால் ஆழம் 3,000 மீட்டர். கப்பல் நிற்க வேண்டியதில்லை. போகிற போக்கில் தரையின் மேடு பள்ளம் தாளில் கோடாக விழுந்துவிடும். 1959 முதல் 1965 வரை பல நாடுகள் சேர்ந்து, இந்தியாவும் உட்பட, சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தை நடத்தின. அந்தக் கோடுகளையெல்லாம் வாங்கிச் சேர்த்துப் படமாக்கியவர்கள் அமெரிக்காவில் இருந்த புரூஸ் ஹீசனும் மேரி தார்ப்பும். பெண் என்பதற்காக மேரி தார்ப்பை நெடுங்காலம் ஆராய்ச்சிக் கப்பலில் ஏற்றவே இல்லை. கப்பல் ஏறாத அந்த அம்மையார்தான் கடல் தரையை மேசைமேல் வரைந்தார். இந்தியப் பெருங்கடலின் தரையைக் காட்டும் வண்ணப்படம் 1967இல் வெளிவந்தபோது, வங்கக் கடலிலிருந்து தெற்கே அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் ஒரு மலைத்தொடரை உலகம் பார்த்தது.

துளையில் கிடைத்த காடு

உருவம் தெரிந்துவிட்டது; எதனால் ஆனது என்பதை அறியக் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தாக வேண்டும். 1972இன் தொடக்கத்தில் 'குளோமர் சேலஞ்சர்' என்ற துளையிடும் கப்பல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து புறப்பட்டுக் கொழும்பு நோக்கி வந்தது. 122 மீட்டர் நீளமுள்ள அந்தக் கப்பலின் நடுவே கோபுரம்போல் ஒரு சட்டம். அதிலிருந்து குழாய்களை ஒன்றோடொன்று திருகிக் கடலுக்குள் இறக்குவார்கள். நங்கூரம் எட்டாத ஆழம். ஆகவே கடல் தரையில் ஓர் ஒலிக்கருவியைப் போட்டுவிட்டு, அதன் ஒலியைக் கேட்டபடியே கப்பல் தன் விசிறிகளால் முன்னும் பின்னும் நகர்ந்து, ஒரே இடத்தில் நிற்கும். மாடியில் நின்றுகொண்டு, தெருவில் உள்ள எறும்புப் புற்றுக்குள் ஒரு நூலை விடுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

பூமத்தியரேகைக்குத் தெற்கே 11 டிகிரியில், 214 என்று எண்ணிட்ட இடத்தில், சுமார் 1,650 மீட்டர் ஆழத்தில் குழாய் மலையின் முதுகைத் தொட்டது. முதலில் வந்தது வெண்மையான மென்சேறு. கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் கோடிக்கணக்கில் விழுந்து சேர்ந்தது அது. நானூறு மீட்டர் அளவுக்குத் துளை இறங்கியபோது நிலைமை மாறியது. ஆழமற்ற கடலில் மட்டும் வாழும் சிப்பிகளின் ஓடுகள் வந்தன. அதற்கும் கீழே, எரிமலைச் சாம்பலுக்கும் குழம்புப் பாறைக்கும் இடையே, பழுப்பு நிலக்கரி வந்தது.

நெய்வேலியில் வெட்டி எடுக்கிறோமே, அதே வகை நிலக்கரி. நிலக்கரி என்றால் தாவரம். தாவரம் என்றால் தரை. கடலின் நடுவே, கரையே இல்லாத இடத்தில், தண்ணீருக்கு அடியில் இரண்டு கிலோமீட்டரில் கிடந்த அந்தக் கறுப்புத் துண்டு, இங்கே ஒரு தீவு இருந்தது என்று சொல்லிவிட்டது.

நிலக்கரியை அமிலத்தில் கரைத்து நுண்நோக்கியில் பார்த்தார்கள். மகரந்தத் தூளின் மேலுறை எளிதில் அழியாது. கோடி ஆண்டு கழித்தும் எந்த இனத்துத் தூள் என்று அடையாளம் காணலாம். பெரணிகளின் சிதல்கள் இருந்தன. பனைக் குடும்பத்து மகரந்தமும் மற்றப் பூக்கும் செடிகளின் மகரந்தமும் இருந்தன. 2010இல் அதே படிவிலிருந்து இலைகளின் மெல்லிய மேல்தோலை ஆராய்ந்து, இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இலைகளும் அங்கே இருந்ததாக அறிவித்தார்கள். நம் வீட்டுப் பிரியாணியில் போடும் பட்டையின் தூரத்து உறவு, சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், நடுக்கடலில் எரிமலைச் சாம்பலில் வேர் ஊன்றி நின்றது. கடலிலிருந்து எழுந்த தீவில் தாவரம் தானாக முளைக்காது. பறவையின் வயிற்றிலோ அலையிலோ காற்றிலோ விதை வந்து சேர வேண்டும். தெற்குக் கண்டங்களின் செடிகள் வடக்கே பரவ இந்தத் தீவுகள் படிக்கட்டாக உதவினவா என்ற கேள்வி அன்று எழுந்தது. தாவர வரலாற்று அறிஞர்கள் இன்னும் அதை விடவில்லை.

தீவு ஏன் மூழ்கியது? கடல் நீர் உயர்ந்ததால் அல்ல. சூடான பொருள் விரிந்து உயர்ந்து நிற்கும். ஆறினால் சுருங்கிக் கனத்துத் தாழும். வெப்பப் புள்ளியை விட்டு விலகிய தட்டு ஆற ஆறத் தாழ்ந்தது. ஆறு கோடி ஆண்டில் இரண்டு கிலோமீட்டர் என்றால், ஆயிரம் ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். தீவில் அப்போது ஒரு மனிதன் வாழ்ந்திருந்தால், தன் ஆயுளில் கால் சென்டிமீட்டர்கூடத் தாழ்ந்ததை உணர்ந்திருக்க மாட்டான். இந்தக் குளிர்ச்சிக்கும் கடலின் ஆழத்துக்கும் உள்ள கணக்கைப் பின்னாளில் 1977இல் வகுத்துக் காட்டிய இருவரில் ஒருவரான ஜான் ஸ்கிளேட்டர், 1972இல் அதே கப்பல் பயணத்துக்குத் தலைமை தாங்கிய இருவரில் ஒருவர்.

தங்கையைப் புதைக்கும் ஆறு

ஜார்க்கண்டில் ராஜ்மகால் குன்றுகள் உள்ளன. சுமார் 11 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு பரவி உறைந்து உண்டானவை. அந்தக் குழம்படுக்குகளுக்கு இடையே கிடைத்த தாவரப் புதைபடிவங்களை ஆராய்ந்துதான் பீர்பால் சாஹ்னி புகழ்பெற்றார். அதே காலத்துத் தாவரங்களின் புதைபடிவங்கள் நம் ஸ்ரீபெரும்புதூர்ப் படிவுகளிலும் உண்டு. ராஜ்மகாலுக்கும் கெர்குலென் வெப்பப் புள்ளிக்கும் தொடர்பு உண்டு என்பது பெரும்பாலான விஞ்ஞானிகளின் கருத்து. அப்படியானால் அது நம் கடலடித் தொடருக்கு அக்காள்.

இப்போது வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கிழக்கே வரும் கங்கை, ராஜ்மகால் குன்றுகளைச் சுற்றிக்கொண்டுதான் தெற்கே திரும்புகிறது. இமயத்தைக் கரைத்த வண்டலைச் சுமந்து, அக்காளின் காலைக் கழுவிவிட்டுப் போகும் அந்த ஆறு, பிரம்மபுத்திராவோடு சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலை வங்காளத்தை நோக்கிக் கொண்டுவருகிறது. அதில் ஒரு பகுதி கடலுக்கு அடியில் தெற்கே சரிந்து, இலங்கையையும் தாண்டி 3,000 கிலோமீட்டர் வரை விசிறிபோல் பரவியிருக்கிறது. சுமார் 10 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே தொண்ணூறு டிகிரித் தொடர் முழுவதும் இந்தச் சேற்றுக்குள் புதைந்துவிட்டது. ஆகவே அந்தமான் கப்பலின் எதிரொலிமானியிலும் மலை தெரியாது. சேற்றையும் ஊடுருவிச் செல்லும் வலுவான அதிர்வலைகளை அனுப்பித்தான் அதைக் காண வேண்டும். தங்கையை அக்காள் வீட்டு வழியே வந்த ஆறு புதைத்துக்கொண்டிருக்கிறது.

தெற்கே போகப் போக மலை சேற்றுக்கு மேல் தலை நீட்டுகிறது. அந்த உயரத்துக்கு ஆற்று வண்டல் அதிகம் எட்டாது. மேலிருந்து விழும் சுண்ணாம்பு ஓடுகள் மட்டும் கலையாமல், ஆண்டு வரிசையில் அடுக்காகச் சேருகின்றன. மழை அதிகமான காலத்தில் ஆறுகள் கடலை நன்னீராக்கும். அந்த மாற்றம் ஓட்டின் வேதியியலில் பதிவாகும். 2014 கடைசியில் 'ஜாய்டிஸ் ரெசலூஷன்' கப்பல் பருவமழையின் பழைய வரலாற்றைத் தேடி இந்த மலை முதுகில் துளையிட்டது அதற்காகத்தான். நம் வயல்களுக்கு மழை தரும் காற்றின் கணக்குப் புத்தகம் இந்த மலைமேல் இருக்கிறது.

வெளிச்சம் நுழையாத அந்த மலைமேல் இன்றும் உயிர்கள் உண்டு. சேற்றுத் தரையில் கடல் அட்டைகள் ஊர்ந்து உணவு தேடும். நீரோட்டம் துடைத்து வைத்த வெறும்பாறையில் கடற்பஞ்சுகளும் குளிர்நீர்ப் பவளங்களும் பற்றிக்கொண்டு நிற்கும். மேலே இறந்த உயிர்களின் துகள் பனிபோல் விழ, அதுவே அவற்றின் சாப்பாடு. வளர்ச்சி மிக மெதுவாக நடக்கும். சில பவளங்கள் நூற்றுக்கணக்கான ஆண்டு வயதுள்ளவை.

எண்ணூருக்கு வடக்கே ஒரு சோதனை

85 டிகிரித் தொடரின் தெற்கு முனை என்று பலர் கருதும் கடல்மலை ஒன்று பூமத்தியரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த ருஷ்ய வணிகர் அஃபனாசி நிகிதின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். சுமார் 400 கிலோமீட்டர் நீளம், 150 கிலோமீட்டர் அகலம். சுமார் 4,800 மீட்டர் ஆழத்திலிருந்து எழும்பி, கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டர் கீழே நின்றுவிடுகிறது. அதன் பாறைகளின் மேல் கோபால்ட்டும் மாங்கனீசும் கலந்த கறுப்பு மேலோடு படிந்திருக்கிறது. மின்கலங்களுக்குக் கோபால்ட் வேண்டும். 2024 ஜனவரியில் இந்தியா, ஜமைக்காவில் உள்ள சர்வதேசக் கடற்படுகை ஆணையத்திடம் இந்த மலையில் கனிமம் தேடி ஆராய அனுமதி கேட்டது. அந்தப் பரப்பு, இலங்கை 2009இல் தன் கண்டத் திட்டு என்று ஐக்கிய நாடுகள் அவையில் கோரிய எல்லைக்குள் வருகிறது என்று ஆணையம் சுட்டிக்காட்டியது.

அந்த மேலோடு பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கிறது. பவளமும் கடற்பஞ்சும் பற்றி நிற்பதும் அதன் மேல்தான். மேலோட்டைச் சுரண்டினால் அவையும் போகும். கிளம்பும் தூசி எவ்வளவு தூரம் மிதந்து எங்கே படியும் என்பதையும் முன்கூட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோபால்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேடுவதும் தோண்டுவதும் ஒன்றல்ல. தேடும் காலத்திலேயே அங்கு வாழும் உயிர்களின் கணக்கையும் எடுத்து முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு எதிரே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயை மக்கள் வாளியால் மொண்டு எடுத்ததை இந்தக் கரை பார்த்திருக்கிறது. கடலில் ஓரிடத்தில் கலந்தது அங்கேயே நிற்காது என்பதை எண்ணூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அந்த ஆழத்துக்கு மனிதர் நேரில் போவதற்கான கருவியும் இந்தக் கரையிலேயே நீரில் இறக்கிப் பார்க்கப்பட்டது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் 'மத்ஸ்யா 6000' என்ற நீர்மூழ்கி வாகனத்தை, 2025 ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஆள் ஏற்றியும் ஏற்றாமலும் சோதித்தார்கள். துறைமுகத்தின் ஆழம் குறைந்த நீரில் செய்த முதல் சோதனைதான் அது. 6,000 மீட்டர் வரை இறங்குவதற்கென்று வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள ஒரு கோளத்துக்குள் மூன்று பேர் உட்கார வேண்டும். ஒரு பயணத்துக்கு 12 மணி நேரம். ஆபத்து நேர்ந்தால் 96 மணி நேரம் வரை உயிர்க்காற்று இருக்கும். இறங்கவும் ஏறவும் ஆகும் நேரம் போக, தரையைப் பார்க்கச் சுமார் 4 மணி நேரம் மிஞ்சும். விளக்கைப் போட்டால் சில மீட்டர் தூரம்தான் தெரியும்.